நூருன்னிஸாவும் நம் சாட்சியமும்

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் சிங்காரப்பேட்டையில் மாணவர்களுக்கென நிகழ்ந்த பேச்சுப் போட்டியொன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘தியாகச் சுடர்கள்’ என்பது தலைப்பு. பேசிய பதினொரு பேரில் நால்வர் நூருன்னிஸா இனாயத் கான் அம்மையாரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். உலகப்போரில் பகைவர் கைப்பட்டு, 30 வயதில் உயிர்நீத்த அந்த நங்கையை நம் சிறார் அறிந்திருந்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் நால்வரும் ஒரே வாசகத்தில் தொடங்கி, ஒரே வாசகத்தில் முடித்தனர். தொடக்கம்: திப்பு சுல்தானின் பேத்தி. முடிவு: திப்புவின் இரத்தம் தோற்கவில்லை. இடையே அப்பெண்மணி வாழ்ந்த 30 ஆண்டுகள் எங்கோ ஒளிந்துகொண்டன.

குறை சிறாரிடத்தில் இல்லை. நம்மவர் வெளியிடும் விழா மலர்களிலும், மேடைப் பேச்சுகளிலும், தியாகிகளைப் பற்றிய சிறு நூல்களிலும் அவர்கள் கண்டதையே ஒப்பித்தனர். மேலும், திப்புவின் பெயருக்கு நம் வட்டாரத்தில் உள்ள ஈர்ப்புக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. செங்கம் கணவாயின் மேற்கு வாயிலில் அமர்ந்திருக்கும் ஊர் நம் ஊர். 1767ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் செங்கத்தருகே போர் நிகழ்ந்ததை வரலாறு சொல்லும். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட பாராமகால் சீமையே இன்றைய கிருஷ்ணகிரி வட்டாரம். இம்மண்ணில் பிறந்த பிள்ளை திப்புவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவது இயல்பு.

போட்டி முடிந்தபின், பரிசு பெறாத மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். அவன் தந்தை வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கருங்கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்பவர். மகன் நம் பிள்ளைகளோடு தமிழ் படிக்கிறான். “ஹஜரத், அந்தம்மா திப்பு சுல்தான் வம்சமா இல்லாம இருந்திருந்தா, இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்களா?” என்று கேட்டான். நாம் அவன் தோளைத் தட்டி ஏதோ சொல்லி அனுப்பினோம். ஆனால் அந்த வினா நம்மை விட்டுப் போகவில்லை. அதற்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை. நூருன்னிஸாவின் வரலாற்றை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அதை நாம் எழுதும் முறையையே மதிப்பிட விரும்புகிறோம்.

சனதும் மத்னும்

அரபு மதரஸாவில் ஓதியவர்கள் எந்தச் செய்தியைக் கேட்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகியவர்கள். இச்செய்தி யார் யார் வழியாக நம்மை வந்தடைந்தது? இது சனது. செய்தியின் உள்ளடக்கம் ஏற்கத்தக்கதா? இது மத்னு. நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளைக் காப்பதற்காக நம் இமாம்கள் வகுத்த இந்த அளவுகோல், பிற வரலாறுகளை எடைபோடவும் உதவும். புனித நோக்கத்துக்காகப் புனைந்துரைத்தவனையும் பொய்யன் என்றே பட்டியலிட்ட கண்டிப்பு அவர்களுடையது. நம் தியாகிகளைப் பற்றி எழுதும்போது மட்டும் அக்கண்டிப்பை நாம் ஏன் கைவிடுகிறோம்?

முதலில் வம்சச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். நூருன்னிஸாவின் தந்தை ஹஜ்ரத் இனாயத் கான் 1882இல் பரோடாவில் பிறந்தவர், இசைவாணர், சூஃபி நெறியை மேற்குலகில் பரப்பியவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ், பரோடா அரண்மனையில் புகழோடு விளங்கிய சங்கீத வித்துவான். மௌலா பக்ஷ் மணந்த காஸிம் பீ, திப்புவின் பேத்தி என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. திப்புவை முதல் தலைமுறையாகக் கொண்டு எண்ணினால் நூருன்னிஸா ஆறாம் தலைமுறை. அதுவும் தாய்வழியே வந்து, இடையில் தந்தைவழியே திரும்பிய கிளை. வாய்மொழி மரபாக வந்த செய்தியை நாம் மறுக்கவில்லை. குடும்பத்தார் நம்பினர், நூலாசிரியர்களும் ஏற்றுள்ளனர். ஆனால் ஆறாம் தலைமுறையைப் ‘பேத்தி’ என்று சுருக்கி, அந்த ஒற்றைச் சொல்லின்மேல் ஒரு வாழ்வு முழுவதையும் தூக்கிவைப்பது எப்படித் தகும்? திப்புவின் மரபில் வந்தோர் நூற்றுக்கணக்கானவர். 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட அக்குடும்பத்தின் வழித்தோன்றல்களில் எத்தனையோ பேர் எளிய வாழ்வு வாழ்ந்து மறைந்தனர். இரத்தமே வீரத்துக்குக் காரணம் என்றால் அவர்களெல்லாம் என்ன ஆயினர்?

இனி வாழ்வைப் பார்ப்போம். நூருன்னிஸா 1914ஆம் ஆண்டின் முதல் நாளில் மாஸ்கோவில் பிறந்தார். தாயார் ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி. மணத்துக்குப்பின் அமீனா பேகம் ஆனவர். முதல் உலகப்போர் மூண்ட ஆண்டிலேயே குடும்பம் லண்டன் சேர்ந்தது. 1920இல் பிரான்ஸ் சென்றது. பாரிஸ் நகரையடுத்த சூரேன் என்னும் ஊரில் ‘ஃபஸல் மன்ஸில்’ என்ற இல்லத்தில் நான்கு குழந்தைகளும் வளர்ந்தனர். 1927இல் தந்தையார் தில்லியில் காலமானபோது மூத்தவளான நூருன்னிஸாவுக்கு வயது 13. துயரத்தில் மூழ்கிய தாய் அறைக்குள் ஒடுங்கிவிட, தம்பியர் இருவரையும் தங்கையையும் அந்தச் சிறுமியே பேணினாள். பின்னர் குழந்தை உளவியல் பயின்றார். வீணைபோன்ற யாழ்க்கருவியும் பியானோவும் கற்றார். பிரெஞ்சு இதழ்களுக்கும் வானொலிக்கும் குழந்தைக் கதைகள் எழுதினார்.

1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிசை நெருங்க, அக்குடும்பம் மக்கள் வெள்ளத்தோடு சாலைவழியே தப்பித் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது. பிறந்த நாடு ஒன்று. வளர்ந்த நாடு ஒன்று. தந்தையின் நாடு ஒன்று. தாயின் நாடு ஒன்று. தஞ்சம் புகுந்த நாடு மற்றொன்று. 1940 நவம்பர் 19ஆம் நாள் அவர் ஆங்கிலேய விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தபோது, பெயரும் ‘நோரா’ என்றே பதிவாயிற்று. நம் மலர்க்கட்டுரைகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடும். நம் கருத்தில் வரலாற்றின் மையமே இதுதான். அரண்மனை இளவரசி ஒருத்தி வாளேந்திய கதையன்று இது. தந்தையை இழந்து, வீட்டை இழந்து, நாடுவிட்டு நாடு வந்த ஓர் அகதிப்பெண், வந்துசேர்ந்த இடத்தில் பாதுகாப்பாக இருந்துவிடாமல், விட்டுவந்த மக்களுக்காகத் திரும்பிச் சென்ற கதை.

பொய் சொல்லத் தெரியாத ஒற்றர்

தந்தையின் போதனையில் வளர்ந்த அவருக்கும் தம்பி விலாயத்துக்கும் உயிர்க்கொலை ஒவ்வாதது. ஆயினும் கொடுமை பெருகும்போது ஒதுங்கி நிற்பதும் பாவம் என்று இருவரும் துணிந்தனர். பிறரைக் கொல்லாமல், ஆனால் தம் உயிருக்கு மிகுந்த ஆபத்துள்ள பணியை ஏற்பது என்பது அவர்கள் கண்ட வழி. தம்பி கடற்படைக்குச் சென்றார். தமக்கை கம்பியில்லாத் தந்தி இயக்கப் பயின்றார். பதவி உயர்வுக்கான நேர்காணலில், போர் முடிந்தபின் இந்திய விடுதலையை ஆதரிப்பேன் என்று ஆங்கில அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நம்மவர் இதைத் திப்புவின் வீறாகக் காட்டுவர். நமக்கோ இது வேறொன்றாகத் தோன்றுகிறது: கேட்ட கேள்விக்கு உள்ளத்தில் இல்லாததைச் சொல்ல நாவெழாத ஒருவரின் விடை.

இந்த உண்மைப்பற்றே பின்னர் அவருக்கு இடுக்கணாயிற்று. பிரெஞ்சு மொழி நன்கறிந்த தந்திப்பணியாளர் தேவைப்பட்டதால், பகைநாட்டில் மறைந்து பணியாற்றும் அமைப்பு 1942ஆம் ஆண்டின் இறுதியில் அவரை அழைத்தது. பயிற்சியாளர் சிலர் அவரைப் பற்றி எழுதிய குறிப்புகள் புகழுரைகள் அல்ல. வேலையில் ஒழுங்கு போதாது; எளிதில் திடுக்கிடுகிறார்; வஞ்சனை அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை என்றெல்லாம் எழுதினர். போரில் உபாயம் கையாள்வதை நம் மார்க்கம் விலக்கவில்லை என்பதை நாம் ஓதியிருக்கிறோம். எனினும் விலக்கப்படாத ஒன்று எளிதாகிவிடுவதில்லை. மறைப்பே தொழிலாகிய ஓரிடத்துக்கு மறைக்கத் தெரியாத ஒருவர் சென்றார் என்பதுதான் இவ்வரலாற்றின் நெஞ்சை உலுக்கும் முரண். வீராங்கனை என்ற ஒரே சாயத்தைப் பூசினால் இம்முரண் மறைந்துபோகும்.

1943 ஜூன் 16ஆம் நாள் இரவு, சிறு விமானமொன்று அவரைப் பிரான்சில் ஆஞ்ஜே நகரின் அருகே இறக்கியது. ‘மதலேன்’ என்பது அவருடைய மறைபெயர். பகைவர் வசமிருந்த பிரான்சுக்கு அவ்வமைப்பு அனுப்பிய முதல் பெண் தந்திப்பணியாளர் அவரே. சென்ற ஒரு வாரத்துக்குள் பாரிஸ் குழுவின் தலைவர் பிடிபட்டார். தொடர்ந்து குழுவே சிதறியது. திரும்பி வந்துவிடுமாறு லண்டன் சொல்லியும் அவர் மறுத்தார். தாமும் வந்துவிட்டால் பாரிசிலிருந்து செய்தி சொல்ல ஆளிராது என்பது அவர் எண்ணம். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கருவியைப் பெட்டியில் சுமந்துகொண்டு வீடுவீடாக மாறி, பகைவரின் அலைதேடும் வண்டிகளுக்குத் தப்பி, அக்டோபர் நடுப்பகுதிவரை செய்திகளை அனுப்பிவந்தார். அக்காலத்தில் அத்தகைய பணியாளர் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பதே அரிது என்பர். அவர் ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்.

மறைக்கப்படும் குறை

இங்கே நம்மவர் எழுதாத செய்தி ஒன்று உண்டு. பிடிபட்டபோது அவர் அறையில் ஒரு குறிப்பேடு அகப்பட்டது. தாம் அனுப்பிய செய்திகளையெல்லாம் அவர் அதில் படியெடுத்து வைத்திருந்தார். அப்படி வைத்திருப்பது தொழில் நெறிக்கு முற்றிலும் மாறானது. அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணமாயிருக்கலாம் என்று நூலாசிரியர்கள் கருதுகின்றனர். அந்த ஏட்டின் துணையால் ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினர். லண்டன் நம்பியது. அதன் விளைவாக வானிலிருந்து இறங்கிய பணியாளர் சிலர் நேரே பகைவர் கையில் இறங்கினர்.

இதைச் சொன்னால் அவர் புகழ் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தத் தவறு அவருடையது மட்டுமன்று. பயிற்சி முடியுமுன்னரே அவரை அனுப்பியவர்களுக்கும், ஐயப்பட இடமிருந்தும் ஐயப்படாத லண்டன் அதிகாரிகளுக்கும் அதில் பங்குண்டு. எனினும் அவர் பங்கை மறைப்பது, அந்தத் தவறினால் உயிரிழந்தவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. நபித்தோழர்களின் வரலாற்றைப் பதிந்த நம் முன்னோர், உஹதுக் களத்தில் கணவாயைக் காத்துநின்ற வில்லாளர் சிலர் இடம்விட்டு நகர்ந்ததையும் அதனால் நேர்ந்த இழப்பையும் மறைக்காமல் எழுதிவைத்தனர். அதனால் அத்தோழர்களின் மதிப்பு நம் உள்ளத்தில் குறைந்ததா? உண்மையை எழுதும் துணிவு நம் மரபில் இருந்தது. அதை இழந்தவர்கள் நாமே.

பிடிபட்டபின் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு வலுவான சாட்சி பகைவரிடமிருந்தே வருகிறது. பாரிசில் ஜெர்மானிய உளவுப் பிரிவின் பொறுப்பாளராயிருந்த கீஃபர் என்பவன், போருக்குப்பின் விசாரணையில், அப்பெண்ணிடமிருந்து தங்களால் ஒன்றும் அறியமுடியவில்லை என்று ஒப்புக்கொண்டான். தனக்கு எவ்வித நலனும் தராத இவ்வாக்குமூலம், நண்பர்களின் நூறு புகழுரைகளினும் எடைமிக்கது. பிடிபட்ட அன்றே தப்பிக்க முயன்றார். நவம்பரில் உடனிருந்த கைதிகள் இருவரோடு கூரைவழியே வெளியேறியும் மீண்டும் பிடிபட்டார். இனித் தப்பிக்க முயலமாட்டேன் என்று எழுதித்தரக் கேட்டபோது மறுத்தார். அதனால் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பப்பட்டுக் கைகால் விலங்கோடு பத்து மாதம் தனியறையில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13ஆம் நாள் டாஹாவ் வதைமுகாமில் உடனழைத்துச் செல்லப்பட்ட மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். கபுரும் இல்லை, கஃபனும் இல்லை, உடல் எரிக்கப்பட்டது.

அவருடைய கடைசி நேரத்தைப் பற்றி நம் கட்டுரைகளில் கண்ணீர் சொரியும் காட்சி ஒன்று தவறாமல் இடம்பெறும். இறுதியாக அவர் வாயினின்று ‘விடுதலை’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் எழுந்தது என்பர். இதன் சனது என்ன? நால்வரும் கைகோத்து மண்டியிட்டுச் சுடப்பட்டனர் என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. அவர் தனியே நெடுநேரம் வதைக்கப்பட்டபின் கொல்லப்பட்டார் என்று ஆண்டுகள் பல கழித்து வந்த மற்றோர் அறிவிப்பு சொல்கிறது. இரண்டும் பிறர் வாய்வழிச் செய்திகள்; ஒன்றோடொன்று பொருந்தாதவை. அவர் எங்கே இறந்தார் என்பதே முதலில் தவறாக முடிவுசெய்யப்பட்டிருந்தது. வேறொரு முகாமில், 1944 ஜூலையில் கொல்லப்பட்டார் என்றே லண்டன் அதிகாரி வேரா அட்கின்ஸ் எண்ணியிருந்தார். ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் அடுத்திருந்த பிரெஞ்சுக் கைதிப்பெண், உணவுக் கிண்ணத்தின் அடியில் கீறிப் பரிமாறிக்கொண்ட செய்திகள் வழியே, அவர் அந்தச் செப்டம்பர்வரை உயிரோடிருந்ததை அறிந்திருந்தார். அவர் சொன்ன பிறகே உண்மை துலங்கியது. சாட்சி ஒன்று கிடைத்ததும் முன்னர் எழுதியதைத் திருத்திக்கொண்ட அந்த நேர்மை நமக்குப் பாடமாக வேண்டும்.

நூருன்னிஸாவை நேரில் அறிந்த தோழி ஜீன் ஓவர்டன் ஃபுல்லர் 1952இல் ‘மதலேன்’ என்ற நூலை எழுதினார். ஷ்ரபானி பாசு என்னும் அம்மையார், பின்னாளில் வெளிப்படுத்தப்பட்ட அரசு ஆவணங்களையும் ஆராய்ந்து 2006இல் விரிவான வரலாறு எழுதினார். இவ்விரண்டையும் படித்தபின் நம் மலர்க்கட்டுரைகளைப் படித்தால், நூருன்னிஸாவை மதித்தவர்கள் யார், பயன்படுத்திக்கொண்டவர்கள் யார் என்பது விளங்கும்.

இன்னோர் இளைஞர்

நூருன்னிஸா பாரிசில் பெட்டியைச் சுமந்து வீடு மாறிக்கொண்டிருந்த அதே நாட்களில், நம் சென்னையில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவூட்டவேண்டும். 1943 செப்டம்பர் 10. ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. அதிகாலையில் மதராஸ் மத்திய சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் திருவிதாங்கூர் வக்கம் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த அப்துல் காதர். வயது 26. மலேயாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர். அங்கே இந்திய சுதந்திரக் கழகத்தில் சேர்ந்து, பினாங்கில் பயிற்சி பெற்றவர். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று அவரையும் தோழர்களையும் மலபாரின் தானூர்க் கரையருகே இறக்கிவிட்டது. கரையேறியதும் பிடிபட்டனர். பகைவரின் கையாள் என்று ஆங்கில அரசு அவரைக் கொன்றது.

நூருன்னிஸா பிரான்சில் செய்ததும், அப்துல் காதர் மலபாரில் செய்யவந்ததும் அடிப்படையில் ஒரே தன்மையுடைய பணி. பிறர் ஆட்சியிலிருக்கும் தம் மக்களிடம் இரவில் ஒளிந்து இறங்கி, ஆட்சியாளருக்கெதிராக வேலைசெய்வது. ஒருவருக்கு ஆங்கில அரசு 1949இல் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தது. மற்றவருக்கு அதே அரசு தூக்குக்கயிற்றை அளித்தது. நூருன்னிஸாவின் சிலை 2012ஆம் ஆண்டிலிருந்து லண்டன் கார்டன் சதுக்கத்தில் நிற்கிறது. காதர் தூக்கிலேறிய சிறைக் கட்டடத்தை 2009இல் இடித்துவிட்டோம்.

ஆனால் நம் பேச்சுப் போட்டியில் காதரைப் பற்றிப் பேச ஒரு மாணவனும் முன்வரவில்லை. தமிழ்நாட்டின் தலைநகரில், ரமலானில், நம் கண்முன்னே உயிர்நீத்தவர் ஏன் நினைவுக்கு வரவில்லை? நாம் கண்ட விடை கசப்பானது. அவருக்குச் சொல்லிக்கொள்ள வம்சமில்லை. எளிய கடலோரக் குடும்பத்தின் பிள்ளையை எந்த அரசனின் பெயரோடு முடிச்சுப் போடுவது?

தூக்குக்கு முன் அவர் தம் தந்தையாருக்கு எழுதிய மடல் கிடைத்திருக்கிறது. இலக்கியம் என்ற நோக்கில் படித்தாலும் உயர்ந்த மடல் அது. அதில் முழக்கம் இல்லை. தம்மைப் பெற்றவர்களைத் தேற்றச் சொற்கள் இல்லையே என்று வருந்தும் மகன், மஹ்ஷரில் மீண்டும் சந்திப்போம் என்று விடைபெறுகிறான். தான் எவ்வளவு அமைதியோடு இறந்தேன் என்பதை நேரில் கண்டவர்கள் ஒருநாள் வந்து சொல்வார்கள் என்று தந்தைக்கு ஆறுதல் கூறுகிறான். கண்டவர் வந்து சொல்வர்! ஒரு தியாகி நம்மிடம் கேட்டது இவ்வளவே. புகழ்மாலையை அவர் கேட்கவில்லை. கண்டதைக் கண்டவாறு சொல்லும் சாட்சியைக் கேட்டார்.

உண்மையான வாரிசுரிமை

நூருன்னிஸாவின் வாழ்வுக்குத் தோற்றுவாய் தேடத்தான் வேண்டுமென்றால், அவர் எழுதிய நூலில் தேடலாம். 1939இல் லண்டனில் வெளிவந்த அவரது குழந்தை நூல், இருபது ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் மீட்டுரைப்பது. பௌத்தக் கதைகளை ஒரு முஸ்லிம் பெண் ஏன் எழுதினார் என்று முகஞ்சுளிப்போர்க்கு நாம் சொல்வது: பிறர் பொருளில் உள்ள நன்மையை எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் நம் தமிழ்ப் புலவர்கள், காப்பியமும் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் நம் கைக்கு வந்தது அவ்வாறே. அந்நூலின் முதற்கதை குரங்கரசன் கதை. வேட்டையாட வந்த மன்னனின் வில்லாளர் சூழ்ந்தபோது, ஆற்றின் இரு கரைக்கும் இடையே தன் உடலையே பாலமாக்கித் தன் கூட்டத்தைக் கரைசேர்த்து, முதுகொடிந்து மாண்ட தலைவனின் கதை அது. எல்லாரும் தப்பிய பின்னும் பாலமாகக் கிடந்த அந்தக் குரங்கரசனையும், குழு சிதறிய பின்னும் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே ஒற்றைக் கம்பியாக நின்ற பெண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதை நடந்தபடியே வாழ்வு நடந்தது என்று நாம் சாதிக்கமாட்டோம். அதுவும் ஒருவகைப் புனைவாகிவிடும். ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லத் தேர்ந்தெடுக்கும் கதையில் ஒருவரின் உள்ளம் தெரியும் என்பதில் ஐயமில்லை. இரத்தத்தில் வந்ததைவிட, கற்றதும் நேசித்ததும் விரும்பி ஏற்றதுமே மனிதனை ஆக்குகின்றன. தந்தையின் போதனை, தாயின் துயரம், தம்பி தங்கையரைத் தூக்கி வளர்த்த கை, கதை சொன்ன நா, இவையே நூருன்னிஸாவின் முன்னோர்.

இது மார்க்கத்துக்குப் புறம்பான கருத்தன்று. இறையச்சத்தைத் தவிர வேறெதனாலும் மனிதர்க்குள் உயர்வில்லை என்பது திருமறையின் தீர்ப்பு. செயலால் பின்தங்கியவனைக் குலம் கைதூக்கிவிடாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஜும்ஆ மேடையில் இவற்றை ஓதிவிட்டு, மலர்க்கட்டுரையில் வம்சப்பெருமை எழுதுகிறோம். ஹபஷ் நாட்டுப் பிலால் (ரலி) அவர்களின் பாங்கொலியைக் கேட்டு உருகுகிறோம். பட்டறைத் தொழிலாளியின் மகனிடம் ஆறாம் தலைமுறைப் பாட்டனாரைப் பற்றிப் பேசுகிறோம்.

நூருன்னிஸா ஷஹீதா என்று நம்மிடம் கேட்போர் உண்டு. அவர் தந்தையாரின் எல்லாச் சமயமும் தழுவிய நெறி, நாம் மதரஸாவில் ஓதிய கிதாபுகளின் நெறியன்று. அவர் உயிர்நீத்தது இஸ்லாமியப் படையொன்றிலும் அன்று. ஆகவே ஃபத்வா வழங்கச் சிலர் விரைவர்; அவர்களுக்குப் போட்டியாக அப்பட்டத்தைச் சூட்டவும் சிலர் விரைவர். நாம் இரண்டுக்கும் உடன்படோம். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே; அந்தத் தீர்ப்பு அவனுடையது. நமக்கு வேறொரு கடமை உண்டு. ஷஹீது என்னும் சொல்லின் வேர் சாட்சியைக் குறிப்பது. உயிரைக் கொடுத்தவர் தாம் நம்பியதற்குச் சாட்சி ஆனார். அவரைப் பற்றி எழுதுபவரும் ஒரு சாட்சியே. அவர் சாட்சி பொய்யாகாமல் இருந்தது. நம் சாட்சி பொய்யாகலாமா?

எனவே நம் எழுத்தாளர்க்கும் மலர்க்குழுவினர்க்கும் பணிவோடு வேண்டுவது இதுதான். தியாகியைப் பற்றி எழுதும்போது இச்செய்தி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேளுங்கள். குறையை மறைக்காதீர்கள், மறைத்தால் நிறையையும் எவரும் நம்பார். இறந்தவர்களைக் காட்டி நம் சமுதாயத்துக்கு நாட்டுப்பற்றுச் சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள். காதரும் நூருன்னிஸாவும் எவரிடமும் சான்றிதழ் வாங்கித்தரும் பொருட்டு இறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் எழுதுவதைப் படிக்கும் பிள்ளைகளில் பாட்டன் பெயர் தெரியாதவனும் ஒருவன் இருப்பான் என்பதை மறவாதீர்கள்.

அந்த மாணவனுக்கு நாம் அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதிவைக்கிறோம். மகனே, அந்த அம்மையார் திப்புவின் வம்சத்தில் வராதிருந்தாலும் இதைச் செய்திருப்பார். வக்கத்துக் காதர் வம்சமின்றியே செய்தார். அடுத்த ஆண்டுப் போட்டியில் அவரைப் பற்றி நீ பேசு. அவர் மடலை நாம் உனக்குப் படித்துக் காட்டுகிறோம்.